அம்பயரின் கண்ணும் அம்பயரின் வயிறும்

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் வேலை வாய்ப்பு" என்று பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பேச நம் சங்கத்தில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். வட கரோலினாவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். அங்கே ஒரு வேலையைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். பேஸ்பால் அம்பயர் வேலை. சிரிக்காதீர்கள், இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் செய்த தவறும் ஒன்று இருக்கிறது.

நம் ஹாஸ்டல் மைதானத்தில் யார் அம்பயர் என்று என் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். பேட்டிங் செய்யும் அணியில் முதலில் அவுட் ஆனவன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். சம்பளம் ஒரு டீ, ஒரு வடை. அதையும் அவன் அணிதான் வாங்கித் தரும். எல்.பி.டபிள்யூ. என்றால் அவன் கை மேலே போகுமா? போகவே போகாது! ஒரு வருஷம் முழுக்க ஒருத்தனுக்குக்கூட எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்படாத மைதானம் உலகத்திலேயே நம் மைதானமாகத்தான் இருக்கும்.

நாம் விளையாட்டாகச் செய்ததை அமெரிக்காவில் தொழில்முறையாகவே செய்திருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1876இல் தொடங்கிய நேஷனல் லீக், 1878இல் ஒரு விதி போட்டது: ஆட்டத்துக்கு 5 டாலர் அம்பயருக்கு, அதை மைதானத்துக்குச் சொந்தக்கார அணியே கொடுக்க வேண்டும். வடை வாங்கித் தருகிறவனே தீர்ப்பு வாங்குகிறவன்! 1882இல் டிக் ஹையம் என்ற அம்பயர் மீது டெட்ராய்ட் அணியின் தலைவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தத் தலைவர்தான் அப்போது டெட்ராய்ட் நகர மேயரும்கூட. துப்பறிவாளரை வைத்துத் தோண்டியதில் சூதாட்டக்காரன் ஒருவனோடு கடிதத் தொடர்பு இருப்பதாகத் தெரிந்து, ஹையமை நீக்கினார்கள். பெரிய லீக்குகளின் வரலாற்றில் சூதாட்டத் தொடர்புக்காக விலக்கப்பட்ட ஒரே அம்பயர் அவர்தான். சம்பளம் குறைவு என்பதால்தான் அவர் கெட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதன் கெடுவதற்கு ஆயிரம் காரணம். ஆனால் அதே 1882இல் போட்டியாகத் தொடங்கிய அமெரிக்கன் அசோசியேஷன் என்ன செய்தது தெரியுமா? அம்பயர்களை லீக்கின் ஊழியராக்கி, மாதம் 140 டாலர் சம்பளம், வெளியூர்ச் செலவுக்கு நாளுக்கு 3 டாலர் என்று நிர்ணயித்தது. அடுத்த வருஷமே நேஷனல் லீகும் சம்பளத்துக்கு வந்துவிட்டது. அன்றே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இனி ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்து வீசுகிறவர் பிட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி உட்கார்ந்திருப்பவர் கேட்சர். அவருக்குப் பின்னால் குனிந்து நிற்பவர் பிளேட் அம்பயர். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டுக்கு மேலாக, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே போனால் ஸ்ட்ரைக். இல்லையென்றால் பால். மூன்று ஸ்ட்ரைக் வந்தால் ஆள் அவுட். பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கையை விட்டுக் கேட்சரிடம் போய்ச் சேர அரை வினாடிகூட ஆகாது. ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 300 பந்து. அதில் பாதி, பேட்டர் மட்டையை வீசாமல் விட்டவை. அத்தனைக்கும் இவர்தான் தீர்ப்பு. நம் கிரிக்கெட் அம்பயருக்கு ஓவருக்கு ஒரு அப்பீல் வந்தாலே வியர்க்கும்.

இந்தக் கண் ஒரே நாளில் வருவதில்லை. புளோரிடாவில் அம்பயர் பள்ளிகள் என்றே நடந்து வந்தன. ஜனவரியில் ஐந்து வாரம், தங்குமிடத்தோடு சில ஆயிரம் டாலர் சொந்தச் செலவு. அதில் நன்றாகச் செய்தவர்களுக்கு மைனர் லீகின் அடிப்படியில் வேலை கிடைக்கும். ரூக்கி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படி ஏற வேண்டும். அதற்கு மேல்தான் பெரிய லீக். அங்கே மொத்தம் 76 இடம். கேளுங்கள், அவ்வளவு பெரிய தேசத்துக்கு 76 பேர்! சாதாரணமாக வருஷத்துக்கு ஒன்றிரண்டு இடம் காலியாகும். சில வருஷம் அதுவும் கிடையாது. கீழே இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காத்திருப்பார்கள். ஏழெட்டு வருஷம், பத்து வருஷம். 2025 ஆகஸ்டில் பெரிய லீகில் நின்ற முதல் பெண் அம்பயர் ஜென் பாவல், அதற்கு முன் மைனர் லீகுகளில் பத்து வருஷம், 1,200 ஆட்டங்களுக்கு மேல் நின்றவர். அவருக்கும் முன்னால் பேம் போஸ்டமா என்ற பெண்மணி 13 வருஷம் நின்று, டிரிபிள் ஏ வரை வந்து, 1989இல் வேலையை இழந்து வீட்டுக்குப் போனார்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் சம்பளம் என்ன? 2006ஆம் வருஷக் கணக்கு சொல்கிறேன். அடிப்படியில் மாதம் 2,000 டாலரைத் தொடவில்லை. உச்சியான டிரிபிள் ஏயில் மூன்றரை ஆயிரத்தைத் தாண்டவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கும் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. பருவம் நடக்கிற மாதங்களுக்கு மட்டும்தான். ரூக்கி லீகில் இரண்டரை மாதம், மேலே ஐந்து மாதம். மிச்ச மாதம்? அவரவர் பாடு. பெரிய லீகில் நுழைந்துவிட்டாலோ முதல் வருஷமே லட்சம் டாலருக்கு மேல். நடுவில் படிக்கட்டு இல்லை; ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மாடி.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2003 ஜூலை. எங்கள் ஊர் ராலேக்குக் கிழக்கே ஜெபுலான் என்ற சின்ன ஊர். அங்கே கரோலினா மட்கேட்ஸ் என்று ஒரு டபுள் ஏ அணி, அப்போது சதர்ன் லீகில் ஆடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். எங்கள் பேட்டரை மூன்றாவது ஸ்ட்ரைக் என்று அனுப்பிவிட்டார் அம்பயர். எனக்கு ஆட்டம் அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் கத்துவதற்கு முழுசாகத் தெரிய வேண்டுமா என்ன? எழுந்து நின்று, "கண்ணாடி வாங்கிப் போடுய்யா!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி எனக்குக் கை தட்டினார்.

அக்டோபரில் எங்கள் ஆபீஸ் ஸ்டோருக்குத் தற்காலிக ஆளாக ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயசு இருக்கும். பெட்டி தூக்குகிற வேலை. "கோடைக்காலத்தில் என்ன செய்கிறாய்?" என்று பேச்சுக் கொடுத்தேன். "சதர்ன் லீகில் அம்பயர்" என்றான். எனக்குத் திக்கென்றது. "ஜூலையில் ஜெபுலானில் பிளேட்டுக்குப் பின்னால் நின்றாயா?" "நின்றேனே." உண்மையை ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டு, "எல்லாரும் கண்ணாடியைத்தான் சொல்கிறார்கள். அடுத்த தடவை புதுசாக ஏதாவது யோசித்துக்கொண்டு வா" என்றான்.

அதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே மேஜை. என் மனைவி கட்டிக் கொடுக்கும் சாம்பார் சாதத்தில் பாதி அவனுக்குப் போகும். ஊறுகாய்க்குத்தான் பயப்படுவான். அவன் சொன்னதெல்லாம் எனக்குப் புதுசு. ஏ லீகில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டே அம்பயர். ஒருவர் பிளேட்டுக்குப் பின்னால், இன்னொருவர் மைதானம் முழுக்க ஓட வேண்டும். பெரிய லீகில் நாலு பேர் பார்க்கிற வேலை அது. இரவு ஆட்டம் பத்து மணிக்கு முடியும். குளித்துவிட்டுக் காரில் ஏறினால், ஜாக்சன்வில்லிலிருந்து மொபைலுக்கு நானூறு மைல். விடியற்காலையில் போய்ச் சேர்ந்து, மலிவு மோட்டலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கி, மறுநாள் மாலை மறுபடியும் அந்த அரை வினாடிப் பந்தைப் பார்க்க வேண்டும். "எட்டாவது இன்னிங்ஸ் வரும்போது பந்து தெரியும், ஆனால் மனசுக்குள் போய்ச் சேராது" என்றான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

சம்பளம்? மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், ஐந்து மாதம். எங்கள் ஸ்டோரில் பெட்டி தூக்கியே அதைவிட அதிகம் சம்பாதித்தான்.

நல்லவனா என்றால், மிக நல்லவன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் வந்து ஆட்டம் பார்த்து மதிப்பெண் போடுவார். அடுத்த வருஷம் டிரிபிள் ஏ என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனோடு பள்ளியில் படித்த இன்னொருவன் இருந்தான். மதிப்பெண்ணில் இவனுக்குக் கீழே. ஆனால் அவனுக்கு அப்பா வீடு இருந்தது, வாடகை இல்லை, காருக்குத் தவணை இல்லை. ஆகவே அவன் தாங்கினான்.

2005 கடைசியில் இவன் மனைவி கர்ப்பம். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "நீ கணக்குக்காரன்தானே, ஒரு கணக்குப் போட்டுக் கொடு" என்றான். போட்டேன். ஒரு பக்கம் வாடகை, மருத்துவச் செலவு, கார், பால் பவுடர். மறுபக்கம் அம்பயர் சம்பளம். டிரிபிள் ஏ போனாலும் நிரம்பவில்லை. பெரிய லீகில் இடம் கிடைப்பதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவது? பூஜ்யம் போட்டேன். எச்சரிக்கையான கணக்குக்காரன் அப்படித்தான் போடுவான். தாளை அவன் பக்கம் தள்ளி, "விட்டுவிடு" என்றேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜனவரியில் எங்கள் ஸ்டோரில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டான்.

மூன்று மாதத்தில் மைனர் லீக் அம்பயர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். (பேஸ்பாலில் ஸ்ட்ரைக் என்றால் எது என்று குழம்பாமல் இருக்க, நான் தமிழிலேயே சொல்கிறேன்.) 2006 ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நடந்தது. சம்பளம் பல வருஷமாக உயரவில்லை என்பதே குறை. நிர்வாகம் தற்காலிக அம்பயர்களைக் கொண்டுவந்தது. கல்லூரி, உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் நிற்பவர்கள். எங்கள் பக்கத்து ஊர் டிரிபிள் ஏ அணி டர்ஹம் புல்ஸ். அதன் இளம் நட்சத்திரம் டெல்மன் யங், ஏப்ரல் 26ஆம் தேதி ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் ஊரில் ஆடும்போது, மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்த தற்காலிக அம்பயர் மேல் மட்டையையே வீசிவிட்டார். மட்டை அம்பயர் நெஞ்சில் பட்டது. ஆட்டக்காரருக்கு 50 ஆட்டம் தடை. மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு ஸ்டோருக்கு ஓடினேன். இவன் ஏற்கெனவே படித்திருந்தான். "மட்டை வீசியது தப்பு. ஆனால் ஆட்டக்காரனுக்கு அம்பயர் மேல் நம்பிக்கை இல்லை என்றால் மைதானத்தில் எல்லாருக்கும் ஆபத்து" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரத்தில் அவனுக்கு ஒரு போன் வந்தது. ஆள் பற்றாக்குறை, பயிற்சி பெற்றவன், வந்து நிற்கிறாயா என்று. நாளைக்கு நாள் கூலி. கைக்குழந்தைக்காரன், ஆட்டத்தின் மேல் உயிராக இருந்தவன். "வெளியில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் என் ரூம்மேட்டுகள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அன்று அவன் சாம்பார் சாதம் சாப்பிடவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்தது. சம்பளம் சிறிது ஏறியது. மாதம் நூறு டாலர் அளவில்தான்.

இங்கேதான் என் வாதம். பணம் குறைவாகக் கொடுத்தால் அம்பயர் வேண்டுமென்றே தப்புத் தீர்ப்புக் கொடுப்பான் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிறவன் முழு மனசோடுதான் நிற்கிறான். கெடுதல் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பத்து வருஷ வரிசையில் யார் நிற்க முடியும் என்பதைக் கண் தீர்மானிக்கவில்லை. வீட்டு வாடகை தீர்மானிக்கிறது. மேலே இருந்து தேர்வு செய்ய வருகிறவர், வரிசையில் மிச்சம் நிற்பவர்களில் சிறந்தவரைத்தான் எடுக்க முடியும். விட்டுப் போனவன் எந்த ஸ்டோரில் பெட்டி தூக்குகிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"கஷ்டப்பட்டால்தான் ஆட்டத்தின் மேல் உண்மையான ஆசை இருக்கிறதா என்று தெரியும்" என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாதது. அந்தச் சோதனையில் தேறியது ஆசை இல்லை, அப்பா வீடு.

இன்னொரு கேள்வி நியாயமானது. மேலே இருப்பவர்களுக்குத்தான் நல்ல சம்பளம் இருக்கிறதே, அவர்கள் தப்பே செய்யவில்லையா? செய்கிறார்கள். 2010 ஜூனில், டெட்ராய்டில் அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத அபூர்வ ஆட்டத்தை முடிக்க ஒரே ஒரு அவுட் பாக்கி. ஜிம் ஜாய்ஸ் என்ற அனுபவசாலி அம்பயர், அவுட்டான ஆளை ஸேஃப் என்றார். பிறகு படம் பார்த்துவிட்டு, கண்கலங்கி, தான் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கண் என்றால் தவறும்தான். 2019இல் போஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, 2018 பருவத்தில் மட்டும் 34,294 பந்துகளுக்கு ஸ்ட்ரைக், பால் தீர்ப்பு தவறு என்று கணக்கெடுத்தது. ஆட்டத்துக்குப் பதினாலு. அதிலே எனக்குச் சுவாரசியமானது வேறொன்று: நன்றாகச் செய்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், சில வருஷமே அனுபவமுள்ளவர்கள். தவறு அதிகம் செய்தவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

கணக்குக்காரனாக இதைப் பாருங்கள். மேலே சம்பளம் நன்றாக இருப்பதால் யாரும் சீக்கிரம் இறங்குவதில்லை, நானாக இருந்தாலும் இறங்க மாட்டேன். கீழே சம்பளம் இல்லாததால் நல்ல கண் உள்ள இளைஞன் காத்திருப்பதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து கதவை அடைக்கிறது. 1999இல் என்ன நடந்தது? பெரிய லீக் அம்பயர்கள் பேச்சுவார்த்தையில் நெருக்கடி கொடுக்கலாம் என்று ஜூலையில் 57 பேர் கூட்டாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். நிர்வாகம், சரி என்று கீழே இருந்து 25 பேரை மேலே கொண்டுவந்துவிட்டது. பதறிப் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கியும் 22 பேருக்கு வேலை போனது. அவர்களில் சிலருக்குப் பிறகு தீர்ப்பாயத்தில் வேலை திரும்பியது. அது சோகமான கதைதான். ஆனால் அந்த 25 பேர் வந்து நின்றதால் வானம் இடிந்து விழவில்லையே! நேற்றுவரை மோட்டலில் தூங்கியவர்கள்தானே அவர்கள்? 2023இலும் பத்து பேர் ஓய்வு பெற்றதால் ஒரே சமயத்தில் பத்து புது ஆட்கள் வந்தார்கள்.

இனி மெஷின் வந்துவிடுமே, அம்பயர் எதற்கு என்று பின்வரிசைத் தம்பி ஒருவர் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. டிரிபிள் ஏயில் சில வருஷம் சோதித்துப் பார்த்து, 2026 பருவம் முதல் பெரிய லீகிலும் கேமரா மூலம் சரிபார்க்கும் முறை என்று 2025 செப்டம்பரில் முடிவு செய்தார்கள். ஆனால் அதில் ஓர் அணி இரண்டு தடவைதான் தவறாக முறையிடலாம். 300 பந்துக்கும் முதல் தீர்ப்பு மனிதக் கண்தான். முன்பு அம்பயர் தவறினால் பாட்டி கை தட்டுவார், அவ்வளவுதான். இனி மைதானத்துப் பெரிய திரையிலேயே படம் போட்டுக் காட்டுவார்கள்.

2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்து டிரிபிள் ஏ சம்பளத்தை வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலராக உயர்த்திக்கொண்டார்கள். பேப்பரில் அதைப் பார்த்து இவனிடம் காட்டினேன். "நல்லது, இனி அவர்கள் எங்களைத் திட்டும்போது வயிறு நிறைந்திருக்கும்" என்றான்.

அவன் இப்போது எங்கள் ஸ்டோருக்கே மேனேஜர். பெண் காலேஜ் போகிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் ஊர்ப் பார்க்கில் பிள்ளைகள் ஆட்டத்துக்கு அவன் அம்பயராக நிற்கிறான். ஒருநாள் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வயசுப் பிட்சர் வீசிய பந்துக்கு அவன் குனிந்து, அசையாமல் நின்ற நிலையைப் பார்த்ததும், அந்தத் தாளில் நான் பூஜ்யம் போட்ட கட்டம் நினைவுக்கு வந்தது. ஆட்டம் முடிந்து காருக்கு நடக்கும்போது அதைச் சொல்லியும் விட்டேன். "அன்றைக்கு நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாதோ?"

அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினான். "அறுபது டாலர். இரண்டரை மணி நேரம். மணிக்கு எவ்வளவு என்று போட்டுப் பார். சதர்ன் லீகை விட அதிகம்" என்றான்.